கட்டளையா? நம்பிக்கையா?

(‘கொள்ளைநோய்க் காலத்தில் மக்களைப் பெரிதும் காப்பது அரசின் கட்டளையா? மக்களின் நம்பிக்கையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘மக்களின் நம்பிக்கையே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் முழங்கிவிட்டு, சோடா குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! அரங்கத்திலும், வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “ஹெல்மெட்டையே கையில மாட்டிக்கிட்டுப் போற நம்ம ஆளு, சட்டம் இல்லேன்னா முகக்கவசத்தை மூக்குல மாட்டுவானா?” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நகைச்சுவை நன்றாக இருந்தது. வாதம்தான் கொஞ்சம் நோய்வாய்ப்பட்டிருந்தது. (சிரிப்பு)

நண்பர் நிகழ்காலம் பேசினார். நான் தமிழ் வாத்தியார்; எனக்கு இறந்தகாலமும் வேண்டும். இந்தத் தலைப்பில் இறந்தகாலம் என்றால், உண்மையிலேயே இறந்தவர்களின் காலம். அந்தக் காலத்துக்கு உங்களை அழைத்துக்கொண்டு போகிறேன்.

1896, செப்டம்பர் மாதம். பம்பாய்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மாண்ட்வி என்று ஒரு பகுதி. தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். தானியம் இருந்தால் எலி இருக்கும். அங்கே அக்காசியோ வீகாஸ் என்ற மருத்துவர், காய்ச்சலும் நெறிகட்டியுமாகக் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு, “இது பிளேக்” என்றார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? எட்டு லட்சம் பேர் இருந்த ஊரில், சில மாதங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நோய்க்குப் பயந்து ஓடியவர்கள் பாதி. “ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்” என்று அரசாங்கத்துக்குப் பயந்து ஓடியவர்கள் மீதி.

அந்தச் சமயத்தில் கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் அரசு அவசரம் அவசரமாக ஒரு சட்டம் போட்டது. 1897 பிப்ரவரி 4. தொற்றுநோய்கள் சட்டம். மொத்தம் எத்தனை பிரிவு? நான்கே நான்கு. நம்ம வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இதைவிடப் பெரிசு. முதல் பிரிவு, சட்டத்தின் பெயர். இரண்டாவது பிரிவு, தேவை என்று நினைத்தால் அரசு எந்த விதியையும் போடலாம். மூன்றாவது, மீறினால் தண்டனை. நான்காவது பிரிவைக் கவனியுங்கள். இந்தச் சட்டப்படி நல்லெண்ணத்தோடு எதைச் செய்தாலும், செய்தவர் மீது வழக்குப் போட முடியாது.

மருந்து கொடு, படுக்கை கொடு, வேலையிழந்தவனுக்குச் சோறு போடு என்று அரசுக்குக் கடமை விதிக்கிற பிரிவு ஒன்றாவது உண்டா? இல்லை. ‘ஆபத்தான தொற்றுநோய்’ என்றால் எது என்று விளக்கமாவது உண்டா? அதுவும் இல்லை. அதிகாரம் மட்டும் இருக்கிறது, எல்லை இல்லை. கரையில்லாத ஆற்றை நாம் என்ன சொல்வோம்? வெள்ளம் என்போம். (கைதட்டல்)

அந்த வெள்ளம் புகுந்த ஊர் புனே. அன்றைக்குப் பூனா. வால்ட்டர் சார்லஸ் ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியைப் பிளேக் கமிட்டிக்குத் தலைவராகப் போட்டார்கள். 1897 மார்ச் 13-ஆம் தேதி வீடு வீடாகச் சோதனை தொடங்கியது. சோதனைக்கு வந்தவர்கள் டாக்டர்களா? நர்சுகளா? இராணுவ அதிகாரிகளும் சிப்பாய்களுமாக ஏறத்தாழ 900 பேர்! பூட்ஸ் காலோடு சமையலறைக்குள் போனார்கள், பூசையறைக்குள் போனார்கள். சந்தேகப்பட்டவரை மருத்துவமனைக்கும், குடும்பத்தாரைத் தனிமை முகாமுக்கும் கொண்டுபோனார்கள். தரையைத் தோண்டினார்கள், சாமான்களை எரித்தார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நெறிகட்டி இருக்கிறதா என்று பெண்களை அந்நிய ஆண்கள் சோதித்தார்கள் என்று ஊரே குமுறியது.

எல்லாப் புகாரும் உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். இலண்டனில் இருந்த கோபால கிருஷ்ண கோகலே, சிப்பாய்கள் பெண்களைக் கெடுத்தார்கள் என்று வந்த செய்தியை நம்பிப் பேசிவிட்டு, ஊர் திரும்பியதும் மெய்ப்பிக்க முடியாமல் மன்னிப்புக் கேட்டார். அது எதைக் காட்டுகிறது? அரசு வாயை மூடிக்கொண்டால் வதந்தி வாயைத் திறக்கும் என்பதைக் காட்டுகிறது.

மக்கள் என்ன செய்தார்கள்? நோயாளியை ஒளித்துவைத்தார்கள். பிணத்தை இரகசியமாக எரித்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊருக்குப் போனார்கள். எந்த நோய் பரவக் கூடாது என்று கட்டளை போட்டார்களோ, அந்த நோய்க்கே கட்டளை டிக்கெட் எடுத்துக் கொடுத்தது!

இப்போது அதே புனேயில் இன்னொரு வீட்டு வாசலைக் காட்டுகிறேன். சாவித்திரிபாய் பூலே. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்து, அதற்காகச் சேற்றடியும் சாணியடியும் பட்ட அந்த அம்மையாருக்கு அப்போது வயது 66. அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த் ஒரு மருத்துவர். ஊருக்கு வெளியே சிகிச்சை நிலையம் வைத்தார்கள். ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் நோயில் கிடந்த ஒரு சிறுவனைத் தன் முதுகில் சுமந்துகொண்டு போனார் அந்தப் பாட்டி. நோய் தொற்றியது. 1897 மார்ச் 10-ஆம் தேதி இறந்தார். சிப்பாய்களின் சோதனை தொடங்கியது மார்ச் 13. நடுவே மூன்றே நாள்!

ஒரே ஊர், ஒரே நோய், ஒரே மாதம். கட்டளை வந்தபோது கதவைச் சாத்தினார்கள். சாவித்திரிபாய் வந்தபோது பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு அங்கேயே எழுதியாயிற்று! (பலத்த கைதட்டல்)

வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்தாரே, அதில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்பவர். நானும் தேடித் தேடிப் பார்த்தேன். தாசில்தார் இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, லத்தி இல்லை. (சிரிப்பு) அந்த நான்காவது ஆள்தான் சாவித்திரிபாய்.

கட்டளையின் கதை எப்படி முடிந்தது? 1897 ஜூன் 22. விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்து முடிந்து ராண்ட் திரும்பும்போது, சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். உடன் வந்த அயர்ஸ்ட் என்ற அதிகாரி அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3-ஆம் தேதி இறந்தார். ஒரு தாய் பெற்ற மூன்று பிள்ளைகள், தாமோதர், பாலகிருஷ்ணா, வாசுதேவ், தூக்கில் தொங்கினார்கள். ‘கேசரி’யில் எழுதியதற்காகத் திலகருக்கு ராஜத்துரோகக் குற்றம், 18 மாதச் சிறை. நோயைத் தடுக்க வந்த அதிகாரம், கடைசியில் பத்திரிகை ஆசிரியரைப் பிடித்தது. இத்தனைக்கும் திலகர் மருத்துவத்துக்கு எதிரியா? இல்லை. ஊரைவிட்டு ஓடாமல் இருந்து, ஒரு பிளேக் மருத்துவமனை அமையப் பாடுபட்டவர் அவர். சிகிச்சையை அவர் எதிர்க்கவில்லை, மிதியடியைத்தான் எதிர்த்தார்.

நான் துப்பாக்கியை நியாயப்படுத்தவில்லை. கொலை கொலைதான். ஆனால், நியாயம் கேட்கிற வாசலைச் சட்டத்தின் நான்காவது பிரிவு அடைத்துவிட்டதே! வாசலை அடைத்தால் கோபம் சுவரை உடைக்கும்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒருநாள் எலி புகுந்துவிட்டது. ஊரிலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார். “அக்கா, நீ நகரு, நான் பாத்துக்கறேன்” என்று துடைப்பத்தோடு உள்ளே போனார். அரிசி டப்பா கவிழ்ந்தது, ஊறுகாய் ஜாடி உடைந்தது. எலி? என் படிப்பறைக்கு வந்து, நான் முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வேட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி சொன்னார்: “அதை முழுசாப் படிச்ச முதல் ஆளே அந்த எலிதாங்க!” (பலத்த சிரிப்பு)

புனேயிலும் பம்பாயிலும் நடந்தது இதேதான். நோய் எங்கே இருக்கிறது என்று நினைத்துக் கட்டளை போட்டார்கள்? அழுக்கில், தரையில், மனிதன் உடம்பில். உண்மையில் நோயைச் சுமந்தது எலி. எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவந்தது தெள்ளுப்பூச்சி. பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-இல் கராச்சியில் இதைக் கண்டறிந்தார். உடனே ஏற்றார்களா? இல்லை, உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஆக, வீட்டைத் தோண்டி எரித்தபோது எலி என்ன செய்தது? அடுத்த வீட்டுக்குப் போயிற்று. ஆனால், படிக்காத கிராமத்து மனிதன் என்ன சொன்னான்? “கூரையிலிருந்து எலி செத்து விழுந்தா, வீட்டைக் காலி பண்ணு” என்றான். வயல்வெளியில் குடிசை போட்டுக்கொண்டு தங்கினான். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

தெரியாமல் இருப்பது குற்றமில்லை. அறிவியல் தடுமாறித்தான் நடக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசி, கேள்வி கேட்டவனைக் குற்றவாளி ஆக்குவதுதான் குற்றம்.

பம்பாயிலும் கான்பூரிலும் கலவரம் வெடித்தபிறகு அரசு பிடியைத் தளர்த்தியது. தளர்த்தியதும் நோய் ஓடிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த சில பத்தாண்டுகளில் பிளேக் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பலாத்காரத்தால் பயனில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

“சார், இது வெள்ளைக்காரன் கதை. இப்போ நம்ம ஆட்சி” என்பீர்கள். நல்லது. 2020 மார்ச். கொரோனா வந்தது. மாநிலங்கள் எந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது? அதே 1897 சட்டத்தின் இரண்டாவது பிரிவை! வெள்ளைக்காரன் போய் 70 ஆண்டுக்கு மேல் ஆயிற்று, அவன் சாட்டை போகவில்லை.

மார்ச் 24, இரவு எட்டு மணி. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவிப்பு. எப்போதிலிருந்து? நள்ளிரவு 12 மணியிலிருந்து. நான்கு மணி நேரம்! ஊரில் இருக்கிற சித்தப்பாவுக்குத் தகவல் சொல்லி முடிக்கவே நமக்கு நான்கு மணி நேரம் ஆகுமே! கூலித் தொழிலாளி என்ன செய்வான்? நடந்தான். நூற்றுக்கணக்கான மைல் நடந்தான். ஊர் திரும்பிய தொழிலாளர்களை உத்தரப்பிரதேசத்தில் பரேலியில் சாலையில் உட்காரவைத்து, மேலே கிருமிநாசினி அடித்தார்கள். மனிதர்மேல் அப்படி அடிக்கக் கூடாது என்று சுகாதார அமைச்சகம் பிறகு சொன்னது. 1897-இல் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு, 2020-இல் மனிதன் முகத்தில் விழுந்தது.

மே 8. ஔரங்காபாத் அருகே, நடந்து நடந்து களைத்து, ரயில் ஓடாது என்ற நினைப்பில் தண்டவாளத்தில் தூங்கிய 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. அவர்கள் வைத்திருந்த ரொட்டி தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தது. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள்: ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள்? அப்படிப்பட்ட கணக்கு இல்லை என்று பதில் வந்தது. கட்டளை போடத் தெரிந்த அரசுக்குக் கணக்கெடுக்கத் தெரியவில்லை! நம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாக அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. காவலர்கள் மேல் கொலை வழக்கு வந்தது. ஒரு கடையை மூடுவதற்கு ஒரு குடும்பத்தையா மூடுவது?

எதிரணி நண்பர் ஒன்று சொன்னார். சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்களே, அந்த மக்களையா நம்புவது என்றார். நியாயமான கேள்வி. அது வெட்கக்கேடு, தண்டிக்க வேண்டியதுதான். ஆனால், அந்தக் கல்லை எறிந்தது பயம். உடலிலிருந்து நோய் அப்படிப் பரவாது என்று தெருத்தெருவாகச் சொல்லியிருந்தால், கல் கையிலிருந்து விழுந்திருக்கும். அதே தமிழ்நாட்டில், சாதி மதம் பார்க்காமல், முன்பின் தெரியாதவர்களின் உடல்களை அடக்கம் செய்த தொண்டர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு யார் கட்டளை போட்டது?

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் தகரம் வைத்து அடைத்தார்கள். உள்ளே ஒரு வயதான அம்மா, மகள், பேரன். அடைத்தவர்கள் போய்விட்டார்கள். பாலுக்கு என்ன வழி என்று கேட்க ஆள் இல்லை. எதிர்வீட்டுப் பெண்தான் காலையில் குரல் கொடுப்பார்: “அம்மா, கயித்தை இறக்குங்க, பால் வெச்சிருக்கேன்!” மாடியிலிருந்து கயிறு இறங்கும், பையில் பாலும் மாத்திரையும் ஏறும். பதினான்கு நாள் அந்த வீட்டைக் காப்பாற்றியது தகரமா, கயிறா? (பலத்த கைதட்டல்)

தடுப்பூசியைப் பாருங்கள். 1897 ஜனவரியில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி, பம்பாயில் தாம் செய்த பிளேக் தடுப்பூசியை முதலில் தம் உடம்பில் போட்டுக்கொண்டார். அதற்குப் பெயர்தான் நம்பிக்கை ஊட்டுவது. 2021-இல் அக்டோபர் 21-ஆம் தேதிக்குள் இந்தியாவில் 100 கோடி ஊசிகள் போடப்பட்டன. அங்கங்கே கெடுபிடி இருந்தது உண்மை. ஆனால், வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் கிராமச் செவிலியர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி நின்றவர்கள். 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது: பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. என் அணிக்கு நீதிபதியே சாட்சி!

ஊரடங்கே கூடாது, அரசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டிக்கு பிரேக் வேண்டும். ஆனால், பிரேக்கை மட்டும் வைத்து வண்டி ஓட்ட முடியாது. அவசர அதிகாரம் வேண்டுமா? எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளைக்கு என்று தேதி சொல்லுங்கள். எதற்காக என்று காரணம் சொல்லுங்கள். அத்துமீறியவரைக் கேட்க ஒரு வாசல் வையுங்கள். அடைபட்டவனுக்குச் சோறு போடுங்கள். அந்த 1897 சட்டத்தை 2020-இல் திருத்தினார்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குத் தண்டனையைக் கூட்டினார்கள், வரவேற்கிறேன். மக்களுக்கு என்ன உரிமை என்று ஒரு வரி சேர்த்தார்களா? இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன். இன்னொரு நோய் வரத்தான் போகிறது. எப்போது, எந்தப் பெயரில் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நம் வீட்டுக் கதவை யாராவது தட்டுவார்கள். தட்டுவது பூட்ஸ் காலா, சாவித்திரிபாயின் கையா என்பதை அன்றைக்கு முடிவுசெய்ய நேரமிருக்காது. இன்றைக்கே முடிவுசெய்ய வேண்டும். மக்களைப் பெரிதும் காப்பது மக்களின் நம்பிக்கையே, நம்பிக்கையே என்று தீர்ப்பளிக்க வேண்டி, விடைபெறுகிறேன்.