தேயிலை ரோலரும் ரோபோக் கையும்

இலங்கை மலையகத்தின் பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கைப் பகுதிகளில், ‘ஸ்டோர்’ எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உருட்டிச் சுழலும் ரோலரையும், ஜப்பானிய ஆலையில் பற்றவைக்கும் ரோபோக் கையையும் ஒரே தராசில் வைப்பது முதற்பார்வையில் பொருந்தாத முயற்சியாகத் தோன்றலாம். ஒன்று நீராவிக் காலத்து வார்ப்பிரும்பு. மற்றது கணினிக் காலத்துப் பிள்ளை. ஒன்றைப் பற்றி மலையகத்தார் தலைமுறை தலைமுறையாக அறிவர். மற்றதைப் பற்றி உலகம் ஓயாமல் பேசுகிறது. இருந்தும் இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போது, எதிர்பாராத இடங்களிலெல்லாம் உறவு தெரிகிறது. வேறுபாடு தெரியும் இடங்களோ இன்றைய தானியக்க விவாதத்துக்கு இன்னும் கூடுதலாகக் கற்றுத்தருகின்றன.

முதலில் பிறப்பு. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களா விறாந்தையையே தொழிற்சாலையாக்கினார். தொழிலாளர் வாடிய கொழுந்தை மேசையில் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையான கையை அழுத்தி உருட்டினார்கள். 1872 அளவில் அவர் இயந்திரங்களோடு ஒரு ஸ்டோரை அமைத்தார். உருட்டும் இயந்திரமும் அவற்றில் ஒன்று. அதே காலத்தில் அஸ்ஸாமில் வில்லியம் ஜாக்சனும் உருட்டு இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். ஆக, வணிகப் பயிராகத் தேயிலை இந்த மலைகளில் கால்பதித்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள் உருட்டும் கைக்கு மாற்று வந்துவிட்டது.

ரோபோக் கையின் பிறப்பும் ஒரு கையின் களைப்பிலிருந்தே தொடங்குகிறது. ஜார்ஜ் டெவால் 1954 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருத்தை, ஜோசப் எங்கல்பெர்கர் தொழிலாக வளர்த்தார். 1961 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ‘யூனிமேட்’ என்ற அந்த ரோபோக் கை முதன்முதலில் நிறுவப்பட்டது. அச்சுவார்ப்பு இயந்திரத்திலிருந்து சூடான உலோகப் பாகங்களை எடுத்து வைப்பது அதன் வேலை. அங்கே கை சுட்டது. இங்கே கை சோர்ந்தது. இரண்டு இடத்திலும் இயந்திரம் முதலில் தேடி வந்தது, ஒரே அசைவை நாள் முழுதும் திருப்பிச் செய்த கையைத்தான்.

ஆனால் கையை இரண்டும் இரண்டு விதமாகப் படித்தன. ரோலர் கையின் வடிவத்தை முற்றாகக் கைவிட்டு அசைவை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் விரலுமில்லை, முழங்கையுமில்லை. அடிப்பாகம் திறந்த உருளை ஒன்று, நடுவில் கூம்பும் சுற்றிலும் வளைந்த சட்டங்களும் பொருத்திய வட்டமேசையின்மேல் வட்டமிடுகிறது. மேலிருந்து மூடி ஒன்று திருகால் இறங்கிக் கொழுந்தை அமுக்குகிறது. யூனிமேட் இதற்கு நேர்மாறு. தோளும் நீளும் கையும் மணிக்கட்டும் பிடியுமாகக் கையின் சாயலை அது வைத்துக்கொண்டது. ஒரு குறிப்பிட்ட வேலையின் அசைவை மட்டும் அதற்குள் பூட்டிவைக்கவில்லை. ரோலருக்கு ஒரே வேலை, அதற்கேற்ற உடல். ரோபோவுக்கு ஓர் உடல், எந்த வேலையும்.

இந்த எதிர்நிலை அப்படியே நின்றுவிடுமென்று எண்ணும் வேளையில்தான் வியப்பு வருகிறது. 1978 இல் ஜப்பானின் யாமநாஷிப் பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மாகினோ ‘ஸ்காரா’ என்ற ரோபோவை உருவாக்கினார். அதன் மூட்டுகள் எல்லாம் நிமிர்ந்த அச்சில் திரும்புபவை. ஆகவே கை கிடைமட்டத்தில் மட்டுமே மடங்கி விரியும். பக்கவாட்டில் சற்று இளகிக்கொடுக்கும். மேலிருந்து கீழாக இறுகி நிற்கும். மின்பலகையில் சிறு பாகங்களைச் செருகுவதற்கு இதுதான் பொருத்தமான குணம். எல்லாத் திசையிலும் எல்லாம் செய்யவல்ல கை தேவையில்லை, வேலையைக் கிடைமட்ட அசைவு, செங்குத்து அழுத்தம் எனப் பிரித்துக்கொண்டால் போதும் என்பதே மாகினோவின் தெளிவு. இப்போது ரோலரைத் திரும்பிப் பாருங்கள்: கிடைமட்டத்தில் வட்டமிடும் உருளை, செங்குத்தாக இறங்கும் மூடி. கொழுந்து உருட்டும் உள்ளங்கையின் வேலையை நூறாண்டுக்கு முன்பே தேயிலை இயந்திரப் பொறியாளர்கள் அதே இரு கூறாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள், வேலையைப் பகுத்துப் பார்த்ததால் ஒரே விடையை அடைந்தன.

அசைவில் இவ்வளவு நெருங்கிய இரண்டும் நினைவில் வெகுதூரம் விலகுகின்றன. ரோலருக்கு நினைவு கிடையாது. எப்போது மூடியை இறக்குவது, எப்போது தூக்கிச் சூட்டை ஆற்றுவது, இருபது நிமிடமா முப்பது நிமிடமா என்பதெல்லாம் தேயிலை தயாரிப்பை நடத்தும் டீமேக்கரின் தலையில் இருக்கின்றன. மழைநாள் கொழுந்துக்கு ஓர் அழுத்தம், வெயில்நாள் கொழுந்துக்கு இன்னோர் அழுத்தம். ரோலரிலிருந்து வந்த இலையை அவர் ஒரு பிடி அள்ளி இறுக்கி விரிக்கிறார், உள்ளங்கையில் சாறு ஒட்டுகிறதா, உருண்டை மெல்ல அவிழ்கிறதா எனப் பார்க்கிறார், மூக்கருகே கொண்டுபோகிறார். அடுத்த சுற்றுக்கான கட்டளை அந்தப் பிடியிலிருந்துதான் பிறக்கிறது.

ரோபோக் கையின் நினைவோ அதற்குள்ளேயே இருக்கிறது. தொழிலாளி ஒருவர் அதை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்திக் காட்ட, யூனிமேட் அந்த நிலைகளைக் காந்த உருளையொன்றில் பதிந்துகொண்டது. பிறகு சலிக்காமல் திருப்பிச் செய்தது. டீமேக்கரின் அறிவு அவரோடு ஓய்வுபெறும். ரோபோவின் நிரலை ஒரு நொடியில் நூறு கைகளுக்குப் பகிரலாம். இதை ரோபோவின் வெற்றியென்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த நினைவு, காட்டிய பாதையின் நினைவு மட்டுமே. நேற்றைய கொழுந்தும் இன்றைய கொழுந்தும் ஒன்றல்ல என்பதை அறிவது டீமேக்கரின் கைதான்.

ஆயுளிலும் தராசு ஊசலாடுகிறது. ஹந்தானையில், 1925 இல் கட்டப்பட்ட ஸ்டோரில் இயங்கும் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் பழைய ரோலர்கள் நிற்கின்றன. அவற்றின் அமைப்புக்கும் இன்று மலைகளில் ஓடும் ரோலர்களின் அமைப்புக்கும் பெரிய இடைவெளி இல்லை. ரோபோக் கையோ பத்துப் பதினைந்து ஆண்டில் அடுத்த தலைமுறைக்கு இடம்விட்டு ஒதுங்குகிறது. நீண்ட ஆயுளுக்கும் ஒரு விலை உண்டு: தேய்ந்த பாகத்துக்கு மாற்று கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் தோட்டங்களுக்குப் பக்கத்துணை இருந்தது. ஜோன் வோக்கர் 1854 இல் கண்டியில் தொடங்கிய பட்டறை, கோப்பிப் பழத்தின் தோல் நீக்கும் இயந்திரங்களில் ஆரம்பித்துத் தேயிலை இயந்திரங்கள் வரை செய்தது. இன்று அந்த இடத்தை நிரப்ப வல்லது அடுக்கடுக்காகப் பொருளைக் கட்டியெழுப்பும் முப்பரிமாண அச்சு. மரத்தில் மாதிரி செதுக்கி, மணலில் பதித்து, உலோகம் ஊற்றிய வேலையில், முதற்படியான மாதிரியை அச்சிட்டெடுக்கலாம். புது யுகத்தின் கருவியே பழைய ரோலரின் ஆயுளை நீட்டும் வாய்ப்பு, இந்த ஒப்பீட்டின் இனிய சமச்சீர்களில் ஒன்று.

இரண்டும் உண்மையில் சந்தித்துக்கொள்ளும் இடம் ஸ்டோருக்குள்ளேயே இருக்கிறது. காய்ந்த தேயிலையிலிருந்து காம்பையும் நாரையும் பெண்கள் அமர்ந்து கையால் பொறுக்கிய வேலையைப் பல தொழிற்சாலைகளில் இப்போது நிறம்பிரிக்கும் இயந்திரம் செய்கிறது. தேயிலை மழைபோலச் சரிகிறது; கமெரா ஒவ்வொரு துணுக்கையும் பார்க்கிறது; வெளிறிய காம்பொன்று கடக்கும் கணத்தில் ஒரு வால்வு திறந்து, காற்று அதை மட்டும் அடித்து வெளியே தள்ளுகிறது. ரோபோவைப் போல அது பார்க்கிறது, தீர்மானிக்கிறது. ரோலரைப் போல அதற்குக் கையின் வடிவமே இல்லை. ரோபோ யுகம் இந்த மலைகளுக்கு வந்தபோது, கை நீட்டிக்கொண்டு வரவில்லை.

மிகவும் எதிர்பாராத உறவு பொறியியலுக்கு வெளியே கிடைக்கிறது. சக்கரங்களும் வார்ப்பட்டைகளும் ஓயாது சுழன்ற ஸ்டோர்களில், மலையகத் தொழிலாளர் அவற்றைக் காக்கும் தெய்வமாக ரோதைமுனியை வணங்கினர். ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஜப்பானில் ரோபோக்கள் பரவத் தொடங்கியபோது, சில ஆலைகளில் அவற்றை ஷின்டோ பூசாரி சடங்கு செய்து வரவேற்றார். தொழிலாளர் அவற்றுக்குப் பாடகி மொமோயே போன்ற பிரபலங்களின் பெயரைச் சூட்டினர். இரண்டையும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது, பிழையும்கூட. ஓடும் வார்ப்பட்டை கையைப் பறித்துவிடும், ரோபோவும் ஆபத்தில்லாததல்ல. 1979 இல் மிச்சிகனில் ஃபோர்ட் வார்ப்பாலையிலும், 1981 இல் ஜப்பானின் அகாஷியில் கவாசாகி ஆலையிலும் தொழிலாளர் உயிரிழந்தனர். பக்கத்தில் நிற்கும் வலிய பொருளோடு மரியாதையான ஓர் உறவை ஏற்படுத்திக்கொள்வது, அதனருகே நாள் முழுதும் உழைப்பவரின் அறிவு. பாதுகாப்பு வேலியும் வழிபாடும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை.

மனித உழைப்பின்மேல் இரண்டும் ஏற்படுத்திய விளைவைத் தொடும்போது ஒப்பீடு கனக்கிறது. ஜப்பானில் ஆள்பற்றாக்குறையால் ரோபோ வந்தது. கவாசாகி 1968 இல் யூனிமேட்டுக்கு உரிமம் பெற்ற காலம் அது. இலங்கையில் வரிசை தலைகீழானது: இயந்திரம் வந்தது, அதற்குத் தீனி போட ஆட்கள் வந்தனர். 1875 இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, 1890களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கரை எட்டியது. முன்பிருந்த கோப்பிப் பயிருக்குப் பருவகாலத்தில் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து வேண்டும். ஸ்டோருக்குள் ஆயிரம் கைகளை மிச்சப்படுத்திய ரோலர், மலைச்சரிவில் இலட்சம் கைகளைக் கேட்டது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் லயன் குடியிருப்புகளில் நிலைத்தது இந்தப் பசிக்காகத்தான். தானியக்கம் ஆட்களைக் குறைக்கும் என்ற பொதுவிதிக்கு எம் மலையகத்தின் வரலாறே ஒரு மறுப்பு.

இரண்டும் எதைத் தொடாமல் விட்டன என்பதில் மீண்டும் ஒற்றுமை தலைகாட்டுகிறது. 2023 இல் உலக ஆலைகளில் சுமார் 42 இலட்சத்து 80 ஆயிரம் ரோபோக்கள் இயங்கின. கார் உடலைப் பற்றவைப்பதும் சாயம் பூசுவதும் அவற்றின் கோட்டை. ஆனால் அதே காரின் மின்கம்பிக் கட்டுகளைப் பெரும்பாலும் மனிதக் கைகளே பின்னுகின்றன. கம்பி வளையும், துவளும், ஒவ்வொரு முறையும் வேறு விதமாகக் கிடக்கும். தேயிலையில் அந்த இடத்தில் நிற்பது கொழுந்து பறித்தல். ஒரே செடியில் இரண்டு இலையும் அரும்புமாக எழுந்த தளிரும், இன்னும் ஒரு வாரம் விடவேண்டிய பிஞ்சும், வளர்ச்சி ஓய்ந்த முற்றலும் கலந்து நிற்கும். மட்டக்கம்பு காட்டும் உயரத்தில் இரு கைகளும் ஒரே வேளையில் ஒடிக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்பது விரல் போகும்போதே முடிவாகிறது. ஜப்பானில் காகோஷிமாவின் சமநிலத்தில் சீராக வெட்டிய வரிசைகளின்மேல் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. பன்வில அமைந்த நக்கிள்ஸ் மலையடிவாரத்தின் செங்குத்தான, கல் நிறைந்த சரிவில் அதற்கு வழியில்லை.

ஆக, 1872 இன் ரோலரும் 1961 இன் ரோபோவும் ஒரே எல்லையில் நின்றிருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் அசைவை எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு கணமும் தெரிவு செய்யும் அசைவை மனிதரிடம் விட்டுவிட்டன. இதிலிருந்து நான் பெறும் முடிவு ஒன்றுதான். இயந்திரத்தால் செய்ய முடியாத வேலை திறன்மிக்க வேலை என்பது உண்மையானால், கொழுந்து பறிப்பவரின் வேலை அந்தப் பெயருக்கு முதல் உரிமை உடையது. கூலிப் பட்டியலோ அதை நூற்றைம்பது ஆண்டுகளாகச் ‘சாதாரண வேலை’ என்றே எழுதிவந்திருக்கிறது. டீமேக்கரின் உள்ளங்கைக்கு மதிப்புண்டு, ரோபோவின் நிரலுக்கு மதிப்புண்டு. அந்த உள்ளங்கைக்குக் கச்சாப்பொருள் தரும் தெரிவுக்கு இல்லை.

பறிக்கும் இயந்திரமும் ஒருநாள் வரலாம். கமெராவும் கணினியும் அந்தத் திசையில்தான் நகர்கின்றன. வரும்போது அதை யார் வடிவமைக்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. பன்விலவிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் பேராதனைப் பொறியியல் பீடம் இருக்கிறது. கொழுந்தை அறிந்த வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பறைகளை நிறைக்கட்டும். ரோலர் உருவானபோது உருட்டிய கைகளிடம் எவரும் யோசனை கேட்டதாகப் பதிவில்லை. அடுத்த இயந்திரம் பறிக்கும் கைகளின் அறிவைக் கேட்டு, அதற்குரிய பங்கையும் கொடுத்துவிட்டே வரவேண்டும்.