வெள்ளி: பள்ளத்தாக்கிலிருந்து தேக்காவுக்கு

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் கட்டு என்ன விலை என்று கேட்டால் "ரெண்டு வெள்ளி" என்று பதில் வரும். மீதியாகக் கைக்கு வருவது "அம்பது காசு". அங்கிருந்து நாலு எட்டு நடந்து சிராங்கூன் சாலை நகைக்கடைக்குள் நுழைந்து "டாலர் காட்டுங்க" என்றால், பணமாற்று வியாபாரியிடம் போங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சங்கிலியில் கோர்க்கும் முருகன் டாலரையும் லட்சுமி டாலரையும் தட்டில் பரப்புவார்கள். பணத்துக்கு உலோகத்தின் பெயர். நகைக்குப் பணத்தின் பெயர். இந்த இடமாற்றத்தின் பூர்வீகம் ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கிறது.

ஆஸ்திரியாவின் திரோல் பகுதியில், இன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஹால் என்றொரு சிற்றூர். ஹால் வளர்ந்தது உப்பால், பிறகு வெள்ளியால். திரோலை ஆண்ட சிக்மண்ட் 1477-இல் தன் நாணயச்சாலையை மெரானிலிருந்து ஹாலுக்கு மாற்றினான். அருகே ஷ்வாட்ஸ் சுரங்கங்களில் வெள்ளி கொட்டிக்கிடந்தது, தங்கம்தான் இல்லை. பெரிய கொடுக்கல் வாங்கலுக்கோ அந்தக் காலத்தில் தங்கக் காசு வேண்டும். சிக்மண்ட் கண்ட வழி எளியது: ஒரு தங்கக் காசின் மதிப்புக்கு ஈடான எடையில் வெள்ளியையே தடியாக அடித்துவிடுவது. 1486-இல் வந்த அந்தக் காசு ஏறக்குறைய 32 கிராம். ஐரோப்பா அதுவரை பழகியிருந்தது இதைவிட மிகச் சிறிய வெள்ளிக் காசுகளுக்குத்தான்.

வழியைக் காட்டியது ஹால். பெயரைத் தட்டிச் சென்றது வேறு ஊர். 1520 வாக்கில் பொஹீமியாவில், ஆல்ப்ஸுக்கு வெகு வடக்கே, யோவாக்கிம்ஸ்தால் என்ற சுரங்க ஊரில் இதே மாதிரிக் காசு ஏராளமாக அச்சானது. ஜெர்மன் மொழியில் 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. யோவாக்கிம்ஸ்தாலர் சுருங்கித் தாலர் ஆனது. டச்சுக்காரர் நாவில் டாலர் என்று திரிந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, டாலர் என்பதன் நேர்ப்பொருள் 'பள்ளத்தாக்கைச் சேர்ந்தது'. வால் ஸ்ட்ரீட்டில் இதை யார் நினைக்கப்போகிறார்கள்?

சிங்கப்பூருக்கு வந்தது இதன் ஸ்பானியக் கிளை. மெக்சிகோ, பொத்தோசி வெள்ளியில் ஸ்பெயின் அடித்த எட்டு ரியால் காசைத்தான் ஆங்கிலேயர் ஸ்பானிய டாலர் என்றார்கள். 1819 பிப்ரவரி 6 சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் சுல்தான் ஹுசேனுக்கு ஆண்டுக்கு 5,000, உள்ளூர்த் தலைவரான தெமெங்கோங்குக்கு 3,000 என்று கிழக்கிந்தியக் கம்பெனி சார்பில் ராஃபிள்ஸ் எழுதிக்கொடுத்தது இந்தக் காசில்தான். ஒவ்வொருவரும் அதில் தம் கண்ணில் பட்டதைப் பெயராக்கினார்கள். விளிம்பு பல்பல்லாக இருந்ததால் மலாய்க்காரர் 'ரிங்கிட்' என்றார்கள். அதில் பொறித்த இரண்டு தூண்களைப் பீரங்கி என்று எண்ணி 'ரிங்கிட் மெரியாம்' என்றும் சொன்னார்கள். சீன வணிகர்கள் சோதித்த காசில் தங்கள் முத்திரையை அடித்துவைத்தார்கள். சீன மொழியில் வங்கி என்ற சொல்லிலேயே வெள்ளி இருக்கிறது. தமிழர்கள் பார்த்தது உலோகத்தை.

ஏன் 'ரூபாய்' என்று சொல்லவில்லை? அதுவும் வெள்ளியோடு உறவுடைய வடசொல்தான். ஆனால் ரூபாய் என்ற பெயரில் அசல் நாணயம் ஒன்று புழக்கத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதை, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் மீது திணிக்கப் பார்த்தது; வணிகர்கள் எதிர்த்து நின்றார்கள். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த செட்டியார்களை நினைத்துப் பாருங்கள். கடன் கொடுத்தது டாலரில், ஊருக்கு அனுப்பியது ரூபாயில். இரண்டையும் ஒரே பெயரால் எழுதினால் ஏடு குழம்பிப்போகும். வெள்ளி என்ற சொல்லை நிலைக்கவைத்தது இந்தக் கணக்குத் தேவைதான் என்பது என் எண்ணம். அந்நாளில் அது வெறும் பெயரும் அல்ல. காசைச் சுண்டி ஓசை கேட்டு, நிறுத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஏறக்குறைய 27 கிராம் உலோகமே அதன் மதிப்பு.

1895 முதல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிரிட்டிஷ் வணிக டாலர் அச்சானது. 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி டாலர் வந்தது. 1906-இல் 60 டாலருக்கு 7 பவுண்டு என்று மதிப்பைக் கட்டியபோது, காசின் விலையும் உலோகத்தின் விலையும் பிரிந்தன. பெயர் மட்டும் பிரியவில்லை. 1967-இல் சிங்கப்பூர் தன் சொந்த நாணயத்தை வெளியிட்டபோது ஒரு வெள்ளிக் காசில் இருந்தது செம்பும் நிக்கலும். 1987-இல் அதன் நிறமே மஞ்சளாகிவிட்டது. 2013-இல் வந்த மெர்லயன் காசுக்கு நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள் வளையம், உள்ளே எஃகு. அதற்கு மேலே எல்லாம் நோட்டு. பத்து வெள்ளி நோட்டைக் கையில் பிடித்தால் அது பிளாஸ்டிக்.

நகைக்கடை டாலருக்கு வருவோம். காசுக்குக் காது வைத்துக் கழுத்தில் போடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல; காசுமாலை இருக்கிறதே. தாலர் காசுகளும் அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆரமாகத் தொங்கின. 1780 என்ற ஆண்டு பொறித்த மரியா தெரேசா தாலருக்கு அங்கே அவ்வளவு மவுசு. இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயில்கூட அதை அச்சடித்தார்கள். தமிழில் பதக்கம் டாலரானதும் இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும். பவுண்டுக்கும் இதே கதி: நம் வீடுகளில் பவுன் என்றால் 8 கிராம் தங்கம், லண்டன் பணம் அல்ல.

மலேசியா 1975-இல் ரிங்கிட்டையே அதிகாரபூர்வப் பெயராக்கியது. அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட், வெள்ளி என்ற இரண்டு சொல்லையும் கலந்து புழங்குகிறார்கள். சிங்கப்பூரில் வெள்ளிக்குப் போட்டி குறைவு. 'சிங்கப்பூர் டாலர்' என்று எழுதுவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள். இங்கே செய்தி எழுதுகிறவருக்கு மட்டும் அவ்வப்போது ஒரு சங்கடம். வாரக் கடைசியில் உலோக விலை ஏறிவிட்டால், "வெள்ளியன்று வெள்ளி விலை கிராமுக்கு இத்தனை வெள்ளி" என்று எழுத நேரும். 'வெள்ளிக்கிழமை' என்று முழுதாகப் போட்டாலும் ஒன்றுதான் தீரும். மற்ற இரண்டையும் வாசகரே பிரித்துக்கொள்வார்.