எந்த மிருகக்காட்சிசாலை பெரிது?

உலகிலுள்ள மிருகக்காட்சிசாலைகளுள் எது பெரிது என்று கேட்டால், மிகுதியான விலங்குகள் உள்ள இடமே பெரிது என்று பலர் உடனே விடை கூறிவிடுவர். வரலாறு பயிலும் மாணவர் அவ்விடையோடு நிறைவு கொள்ளுதல் கூடாது. ஒரு காட்சிசாலையை மதிப்பிடுவதற்கு மூன்று கேள்விகள் வேண்டும். அஃது எந்த நோக்கத்தோடு தொடங்கிற்று? அங்கே மனிதன் எதைக் கற்றான்? அங்கே காக்கப்பட்ட உயிர் மீண்டும் தன் நிலத்தை அடைந்ததா?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவில், ஷோன்புரூன் அரண்மனைத் தோட்டத்தில் 1752-ஆம் ஆண்டு முதலாம் பிரான்சிஸ் பேரரசர் ஒரு காட்சிசாலையை நிறுவினார். இன்றளவும் நடந்துவரும் காட்சிசாலைகளுள் அதுவே மிகப் பழையது. நடுவே ஒரு மண்டபம். அதனைச் சூழ வட்டமாக விலங்குகளின் அடைப்புகள். அரச குடும்பத்தினர் மண்டபத்தில் இருந்தபடியே எல்லா விலங்குகளையும் காணலாம். விலங்கு அங்கே அரசனுடைய செல்வத்தின் ஓர் அடையாளமாகவே இருந்தது.

இந்நிலையைப் பிரெஞ்சுப் புரட்சி மாற்றிற்று. வெர்சேல்ஸ் அரண்மனையில் எஞ்சியிருந்த விலங்குகளும், தெருக்களில் வித்தை காட்டுவோரிடமிருந்து பறிமுதலான விலங்குகளும் பாரிஸ் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. 1793-இல் தொடங்கிய அக்காட்சிசாலை, மன்னனுக்கு உரியதாக அன்றி நாட்டுக்கும் அறிஞர்க்கும் உரியதாக அமைந்தது. இலண்டனில் 1826-இல் தோன்றிய விலங்கியற் கழகம் 1828-இல் தன் தோட்டத்தைத் திறந்தது. சார்லஸ் டார்வின் 1838-இல் ஜென்னி என்னும் ஒராங்குட்டானைக் கண்டு, அதன் முகக்குறிப்புகளைக் கூர்ந்து நோக்கியது இத்தோட்டத்திலேதான். பொதுமக்கள் அங்கே நுழைவதற்கு 1847-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு எட்டாண்டுகள் கழித்து, 1855-இல், நம் சென்னையில் எட்வர்டு பால்பர் எழும்பூர் அருங்காட்சியகத்தோடு இணைத்து ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார் என்பதையும் இங்கு நினைவு கொள்ளலாம். பலமுறை வளர்ந்தும் இடம் மாறியும் வந்த அதன் வழிவந்ததே, 1985-இல் திறக்கப்பட்ட வண்டலூர்ப் பூங்கா.

ஆயினும் பழமையும் கல்வியும் மட்டும் போதா. 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் காட்சிசாலையில் ஒரு குவாக்கா இறந்தது. உடலின் முற்பகுதியில் மட்டும் வரிகளையுடைய தென்னாப்பிரிக்க வரிக்குதிரை வகை அது. தன் இனத்தின் கடைசி விலங்கு அதுவே என்பதை அன்று ஒருவரும் உணரவில்லை. அமெரிக்காவின் வானத்தைக் கோடிக்கணக்கில் மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களுள் கடைசிப் புறா, மார்த்தா என்னும் பெயருடையது, 1914 செப்டம்பர் 1-ஆம் நாள் சின்சினாட்டி காட்சிசாலையில் மடிந்தது. டாஸ்மேனியத் தீவின் ஹோபர்ட் நகரில், அறியப்பட்ட கடைசித் தைலசின் 1936 செப்டம்பர் 7-ஆம் நாள் இறந்தது. அவ்விலங்கைக் காக்கும் சட்டம் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்த்தான் பிறந்திருந்தது. கடைசி உயிரைக் கூண்டில் வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது என்பதே இம்மூன்று இறப்புகளும் கற்பிக்கும் பாடம்.

அப்பாடத்தை முதலில் செயலாக்கியவற்றுள் ஒன்று நியூயார்க்கின் பிராங்ஸ் காட்சிசாலை. கோடிக்கணக்கில் திரிந்த அமெரிக்கப் பைசன் என்னும் காட்டெருமை, 1880-களின் இறுதியில் ஏறத்தாழ ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. அக்காட்சிசாலையின் இயக்குநர் வில்லியம் ஹார்னடே அதனை அங்கே வளர்த்துப் பெருக்கினார். 1907-இல் பதினைந்து பைசன்களை இரயிலேற்றி ஒக்லஹோமாவின் புல்வெளிக்கு அனுப்பினார். காட்சிசாலையின் வாயில் உள்ளே வருவதற்கு மட்டும் அன்று, வெளியே செல்வதற்கும் உரியது என்பது அன்று உலகுக்குப் புலப்பட்டது. ஆனால், இதே காட்சிசாலை, இதே இயக்குநரின் காலத்தில், 1906-இல் ஓட்டா பெங்கா என்னும் ஆப்பிரிக்க இளைஞரைக் குரங்குக் கூடத்தில் காட்சிப்பொருளாக வைத்தது. கறுப்பின மதகுருமார்களின் கண்டனத்திற்குப் பிறகே அக்கொடுமை நின்றது. அதற்கு வெளிப்படையான மன்னிப்பு 2020-ஆம் ஆண்டில்தான் வந்தது. வரலாற்றை எழுதுவோர் பைசனைக் காத்த புகழையும் மனிதனை இழிவு செய்த பழியையும் ஒரே ஏட்டில் எழுதவேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்தல் நேர்மை ஆகாது.

மூன்றாம் கேள்விக்குச் சிறந்த விடைகள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிடைக்கின்றன. அரேபிய ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற மானினம் வேட்டுவரின் மோட்டார் வண்டிகளாலும் துப்பாக்கிகளாலும் அழிந்துகொண்டிருந்தது. 1962-இல் பாலைவனத்திலிருந்து பிடித்துக் காப்பாற்றப்பட்டவை மூன்று. இலண்டன் காட்சிசாலை ஒன்றும், குவைத்தின் ஆட்சியாளர் ஒன்றும், சவுதி மன்னர் நான்கும் அளிக்க, ஒன்பது விலங்குகள் அமெரிக்காவின் பீனிக்ஸ் காட்சிசாலையில் ஒரு கூட்டமாயின. 1972-இல் காட்டில் எஞ்சியிருந்தவை ஓமன் நாட்டில் கொல்லப்பட்டன. பத்தாண்டுகள் கழித்து, 1982-இல், கூண்டில் பிறந்த தலைமுறை அந்நாட்டிலேயே விடுதலை பெற்றது. கதை அங்கே முடியவில்லை. 1996-க்குப் பின் திருட்டு வேட்டை மீண்டும் தலைதூக்கியது. சரணாலயத்தின் பரப்பும் பெரிதும் குறைக்கப்பட்டது. 2007-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. எனினும் வேறு இடங்களிலும் விடப்பட்ட மந்தைகளால் இனம் பிழைத்தது. காட்சிசாலை உயிரைத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு நிலத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நாட்டு மக்களே.

செக் நாட்டின் தலைநகரான பிராகாவின் தொண்டு வேறு வகையானது. மங்கோலியாவின் காட்டுக் குதிரையாகிய பிரெஷ்வால்ஸ்கி குதிரை, இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, மியூனிக், பிராகா ஆகிய இரு நகரங்களில் மட்டுமே இனம்பெருக்கும் மந்தைகளாக எஞ்சியது. 1960-களின் இறுதிக்குப் பின் காட்டில் அதனைக் கண்டவர் இல்லை. இன்றுள்ளவற்றுக்கு முன்னோராகக் காட்டிலிருந்து பிடிபட்டவை பன்னிரண்டே. வீட்டுக் குதிரையின் கலப்பும் சிறிது உண்டு. முன்னோர் இவ்வளவு சிலராயின், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருகி, நோயும் மலட்டுத்தன்மையும் வந்து சேரும். எக்குதிரை எதற்குப் பிறந்தது, எதனோடு சேர்த்தல் தகும் என்பதை அறிய வமிசாவளிப் பதிவேடு இன்றியமையாதது. 1959 முதல் அவ்வேட்டைப் பிராகா காட்சிசாலை பேணி வருகிறது. பல நாடுகளிலுள்ள குதிரைகளை ஒரே குடும்பமாகக் கருதும் நிலை அதனால் பிறந்தது; 1992-இல் குதிரைகள் மங்கோலியப் புல்வெளிக்குத் திரும்பின.

இனி முடிவுக்கு வருவோம். வரலாற்றின் தொடக்கத்தை அறிய வியன்னாவும் பாரிஸும் இலண்டனும் முதன்மையானவை. புகழையும் பழியையும் ஒருங்கே அறிய நியூயார்க் வேண்டும். பாதுகாப்பில் ஒன்றையே தேர்க என்றால், நான் பிராகாவையே குறிப்பிடுவேன். ஓரிக்ஸைக் காத்த பீனிக்ஸின் செயல் துணிவுமிக்கது. ஆனால் பிராகாவின் செயல் பல தலைமுறை மனிதர்கள் சலியாது செய்யவேண்டிய பணி. அந்த ஏடு இல்லையேல், பல ஊர்களில் சிதறிக் கிடந்த குதிரைகள் வெறும் காட்சிப்பொருளாகவே முடிந்திருக்கும்.

கூண்டிலுள்ள விலங்குகளுள் பெரும்பாலானவை ஒருநாளும் காட்டைக் காணப்போவதில்லை என்பதும் உண்மையே. அதனாலேயே கேள்வி கேட்கும் கடமை நமக்கு உண்டு. மாணவர்களே, அடுத்த முறை ஒரு காட்சிசாலைக்குச் செல்லும்போது, இங்கே எத்தனை விலங்குகள் உள்ளன என்று கேட்பதோடு நில்லாதீர்கள். இங்கே பிறந்தவை எவை, அவற்றின் பிறப்பைக் குறித்து வைப்பவர் யார், இங்கிருந்து காட்டிற்குச் சென்றவை எத்தனை என்றும் கேளுங்கள். அவ்விடைகளைக் கொண்டே அதன் பெருமையை அளந்தறியுங்கள்.