முன்னே அனுமதி, பின்னே ஆய்வு: தாரானாக்கிக் கடல் வழக்கு

நியூசிலாந்தின் வடதீவில், தாரானாக்கிக்குத் தெற்கே உள்ள கடலடி மணலில் இரும்பும் வனேடியமும் கலந்து கிடக்கின்றன. அங்கே சுமார் 66 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆண்டுக்கு 5 கோடி டன் மணலை உறிஞ்சியெடுக்க டிரான்ஸ்-டாஸ்மன் ரிசோர்சஸ் நிறுவனம் அனுமதி கேட்டது. அதில் தாதுவாகத் தேறுவது பத்தில் ஒரு பங்குதான். எஞ்சிய நாலரைக் கோடி டன்னும் கடலுக்கே திரும்பும். சிக்கலெல்லாம் இந்த மிச்சத்தில் இருக்கிறது. பருமணல் அடியில் படிந்துவிடும். நுண்துகளோ கலங்கலாக நீரோட்டத்தோடு நெடுந்தூரம் போய், கடலடிக்கு எட்டும் ஒளியைக் குறைக்கும். நீலத் திமிங்கலங்கள் இரைதேடும் கடல் அது.

தகவல் போதாதபோது எச்சரிக்கையின் பக்கமும் சூழல் பாதுகாப்பின் பக்கமும் முடிவு சாய வேண்டும் என்பது அந்நாட்டின் 2012ஆம் ஆண்டுக் கடற்சூழல் சட்டத்தின் கட்டளை. முதல் விண்ணப்பம் 2014இல் மறுக்கப்பட்டது. நிறுவனம் 2016இல் மீண்டும் வந்தது. அடுத்த ஆண்டு, விண்ணப்பத்தை விசாரித்த நால்வர் குழு இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தது. தலைவரின் கூடுதல் வாக்கால் அனுமதி கிடைத்தது.

வாக்குக் கணக்கைவிடக் கவனிக்க வேண்டியவை அந்த அனுமதியின் நிபந்தனைகள். கடற்பாலூட்டிகளையும் கடற்பறவைகளையும் பற்றிய தகவல் போதவில்லை. அதனால், அனுமதி பெற்றபின், தோண்டத் தொடங்குமுன், ஈராண்டுக் கண்காணிப்பு நடத்தி மேலாண்மைத் திட்டம் வகுக்கும்படி குழு விதித்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது கண்டிப்பு. உண்மையில், கேள்விக்கு விடை தெரியுமுன்பே தீர்ப்பு எழுதிய செயல். விசாரணையில் எதிர்வாதம் செய்யும் உரிமை மக்களுக்கு உண்டு. அனுமதிக்குப் பிந்தைய ஆய்வறிக்கையோ நிறுவனத்துக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் இடையிலான கோப்பாகிவிடும்.

கடலை முழுதாக அறிந்தபின்தான் தொழில் என்றால் எதுவுமே நடக்காது, செய்துகொண்டே கற்கலாம் என்பது சுரங்கத் தரப்பின் வாதம். இதைப் புறந்தள்ள முடியாது. சட்டமே சில பணிகளுக்கு இந்த வழியை ஏற்கிறது. ஆனால் கடலில் கழிவை வெளியேற்றும் பணிக்கு அது கூடாதென்று நாடாளுமன்றம் வெளிப்படையாக விலக்கியது. பரவிய கலங்கலைத் திரும்ப அள்ள வழியில்லை என்பதால் அந்த விலக்கு நியாயமானது.

ங்காட்டி ருவானுயி உள்ளிட்ட மவோரி மக்களும் மீனவர்களும் சூழல் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தனர். 2018இல் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதிசெய்தன. மவோரி வழக்காறான 'டிகாங்கா'வும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டிய சட்டமே என்றது உச்ச நீதிமன்றம். கடலோடு தலைமுறைகளாகப் பிணைந்த மக்களின் அக்கறையை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்க இனி இடமில்லை.

விண்ணப்பம் மறுவிசாரணைக்குப் போனது. 2024 மார்ச்சில் நிறுவனம் விலகிக்கொண்டது. அந்த டிசம்பரில் நிறைவேறிய விரைவு அனுமதிச் சட்டத்தின் பட்டியலில் இதே திட்டம் இடம்பெற்றது. 2025இல் புதிய விண்ணப்பமும் வந்தது. இச்சட்டத்தில், பாதிப்பைக் காரணம் காட்டி மறுக்க, அது வட்டார, தேசிய நன்மைகளை விஞ்சும் அளவு பெரியது என்று இச்சட்டப்படி அமையும் குழு காண வேண்டும். அளவு தெரியாத பாதிப்பு இந்த ஒப்பீட்டில் எளிதாகத் தோற்றுவிடும். பொது அறிவிப்பும் கிடையாது. குறிப்பிட்ட தரப்பினரிடம் மட்டுமே குழு கருத்துக் கேட்கும்.