கல்லுக்குள் கடல்

பெயரிலேயே உப்பு இல்லாத ஊர் உப்பிலியபுரம். ஒரு பக்கம் கொல்லிமலை, மறு பக்கம் பச்சைமலை, நடுவே வயலும் தோப்பும். கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், என் நண்பர் வீட்டு மேஜைமீது கடல் உட்கார்ந்திருந்தது!

வேடிக்கையல்ல. காகிதம் பறக்காமலிருக்க அவர் வைத்திருந்த கல், ஆட்டுக்கடாவின் கொம்பைப்போலச் சுருண்டு, வரிவரியாக இருந்தது. காரை கிராமத்து ஓடைச் சரிவில் அவர் தகப்பனாருக்குக் கிடைத்ததாம். அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் கூடு, காலப்போக்கில் கல்லாகிவிட்டது. கண்டகி நதியின் சாளக்கிராமமும் இதே இனந்தான்.

பழைய திருச்சி ஜில்லாவின் கிழக்குப் பகுதியான ஊட்டத்தூர், காரை, அரியலூர் எல்லாம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்கடியில் கிடந்தன. அன்று துருவங்களில் பனி மிகக் குறைவு. கடலின் படுகையும் மேடிட்டிருந்தது. நம் கரையோர நிலமோ தாழ்ந்துகொண்டிருந்தது. கடல் உள்ளே வந்தது. ஒரே தடவை வந்து போய்விடவுமில்லை. பலமுறை ஏறியும் இறங்கியும் இருக்கிறது. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1860களின் தொடக்கத்தில் இந்தப் பாறைகளை அடுக்கடுக்காக வகுத்து எழுதினார். சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளம். அக்காலத்துக் கடலில் அமிழ்ந்து கல்லான மரம் அது. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான். சிமெண்டுச் சுவர் எழுப்பியவர்களில் எத்தனையோ பேர், தங்களுக்குத் தெரியாமலே அதன் நடுவில் குடியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தூணோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த நண்பரின் பாட்டி தலை நிமிர்ந்தாள்.

"ஏந்தம்பி, வந்த கடல் மறுபடி வராதா?"

நல்ல கேள்வி. கடல் வந்த கதையைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இந்திர விழாவைச் சோழன் மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. விலகிப்போன கடலுக்கு யாரும் காவியம் பாடவில்லை. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையைக் கிரேக்க மாலுமிகள் அறிந்திருந்தார்கள். இன்று அங்கே நின்றால் அலையோசை கேட்காது. கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்தது. வாணிபம் காயலுக்குப் போயிற்று, காயலும் தூர்ந்தது, பிறகு தூத்துக்குடிக்குப் போயிற்று. ஊர் மூழ்கினால் ஒரே இரவில் தெரிந்துவிடும். கடல் விலகுவதோ தலைமுறைகளின் வேலை. தகப்பன் கண்டதை மகன் காணாதபோதுதான் புரியும்.

இன்னும் பின்னே போனால், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகத்து நீர் பெரும்பனியாக உறைந்திருந்தது. கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்குப் பாலமும் வேண்டாம், படகும் வேண்டாம், கால்நடையாகவே போயிருக்கலாம்!

இவையெல்லாம் இயற்கையின் செயல். இப்போது நடப்பதில் நம் கையும் இருக்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. உயரும் வேகமும் கூடிவருகிறது. நாம் எரித்த கரியும் எண்ணெயும் காற்றைச் சூடாக்க, பனி உருகுகிறது, நீரும் சூட்டில் விரிகிறது. கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது ஆற்று வண்டல். அதே வண்டல்தான் சோழநாட்டுக் கரையையும் வளர்த்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின், காவிரி சுமந்துவரும் வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஏறுகிற கடலுக்கு எதிரே, வளராத கரை!

பாட்டிக்கு ஆறுதலாகச் சொன்னேன்: "உலகத்துப் பனி முழுதும் உருகினாலும் கடல் 70 மீட்டருக்குமேல் ஏறாது பாட்டி. இந்த மலையடிவாரத்துக்கு வராது. முதலில் உப்புக் கரிக்கப்போவது நாகப்பட்டினம், வேதாரண்யத்துக் கிணறுகளும் வயல்களுந்தான்."

பாட்டியின் முகம் தெளியவில்லை. கீரைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"என் பேத்தியை வேதாரண்யத்துலதான் தம்பி கொடுத்திருக்கு" என்றாள்.