சைட் முதல் திக்ஷா வரை: இந்தியாவில் தொழில்நுட்பவழி ஆசிரியர் பயிற்சி

பணியிலுள்ள ஆசிரியர்களுக்குத் தொலைக்காட்சி, செயற்கைக்கோள், இணையம் ஆகியவற்றின் வழியாகப் பயிற்சி அளிக்கும் முயற்சி இந்தியாவில் 1975ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. கைப்பேசியும் கொரோனாவும் வந்த பிறகுதான் இது பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. இந்த ஐம்பது ஆண்டுகளில் கருவிகள் பலமுறை மாறின. ஆனால் ஒரு சிக்கல் மட்டும் எல்லாக் கட்டங்களிலும் தொடர்ந்து வந்திருக்கிறது. திரையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, எதிரே அமர்ந்திருக்கும் ஆசிரியருக்கு எழும் ஐயத்துக்கு யார் பதில் சொல்வது என்பதே அது.

கோழி வலையில் ஓர் அலைவாங்கி

1969இல் இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இந்தியா பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இதற்குப் பின்னால் இருந்தவர் விக்ரம் சாராபாய். திட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 1971இல் அவர் காலமானார். அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் யஷ்பால் தலைமையில் பணியை முடித்தது.

செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை என்பது இதன் பெயர். சுருக்கமாகச் ‘சைட்’ என்பர். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை இது நடந்தது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையைக் கொண்டே மூன்று மீட்டர் அகல அலைவாங்கிகள் செய்யப்பட்டன. மின்சாரம் இல்லாத ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டி மின்கலத்தில் ஓடியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊர் மக்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. தமிழ்நாடு இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீட்டில் இஸ்ரோ ஓர் அலைவாங்கியை அமைத்துக் கொடுத்ததால், இலங்கையிலும் ஒரு வீட்டில் சைட் நிகழ்ச்சிகள் தெரிந்தன.

சைட் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் உழவர்களுக்கும் ஒளிபரப்பான நிகழ்ச்சிகளையே நினைவுகூர்கின்றனர். கல்வி வரலாற்றில் அதைவிட முக்கியமானது, 1975 அக்டோபரில் பள்ளி விடுமுறையை ஒட்டி நடந்த பன்னிரண்டு நாள் ஆசிரியர் பயிற்சியாகும். என்.சி.இ.ஆர்.டி. எனப்படும் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் இதை வடிவமைத்தது. தொடக்கப் பள்ளியில் அறிவியலைச் செய்து காட்டிக் கற்பிப்பது எப்படி என்பது பயிற்சியின் பொருள். சுமார் 24,000 ஆசிரியர்கள் கலந்துகொண்டனர். ஒரு மையத்துக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் என்று கணக்கிடலாம். மறு ஆண்டில் மீண்டும் ஒரு சுற்று நடந்தது.

ஆசிரியர்களைத் தொலைக்காட்சியின் முன் உட்கார வைத்துவிட்டு யாரும் போய்விடவில்லை. ஒளிபரப்போடு வானொலி நிகழ்ச்சியும், அச்சிட்ட கையேடும், கையால் செய்து பார்க்கும் செயல்பாடுகளும் சேர்ந்த தொகுப்பாகவே பயிற்சி அமைந்தது. ஒவ்வொரு மையத்திலும் வழிநடத்த ஒருவர் இருந்தார். செயற்கைக்கோளிலிருந்து காட்சி இறங்கி வருமே தவிர, கேள்வி மேலே ஏறிப் போக வழியில்லை. அந்தக் குறையை உணர்ந்தவர்கள் பக்கத்தில் ஒரு மனிதரை அமர்த்தினார்கள். பின்னால் வந்த பல திட்டங்கள் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஏற்பாட்டை விட்டுவிட்டன.

அடுக்கு அடுக்காக இறங்கிய பயிற்சி

ஏ.டி.எஸ்-6 திரும்பப் பெறப்பட்டதும் பணி தேங்கியது. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் எண்பதுகளில் செயல்படத் தொடங்கிய பிறகு கல்வித் தொலைக்காட்சி மீண்டும் உயிர் பெற்றது. 1984இல் மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் உருவானது.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்த மாபெரும் புத்தாக்கப் பயிற்சி ஒன்று நடத்தப்பட்டது. சில ஆண்டுகளில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். தேசிய அளவில் சிலருக்குப் பயிற்சி தரப்படும். அவர்கள் மாநிலக் கருத்தாளர்களுக்கும், மாநிலக் கருத்தாளர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கும், அவர்கள் ஆசிரியர்களுக்கும் சொல்லித் தர வேண்டும். தில்லியில் பத்து நாள் பேசியது ஒன்றியத்துக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதை, இத்தகைய பயிற்சிகளில் கடைசி வரிசையில் அமர்ந்த எந்த ஆசிரியரும் சொல்வார். ஒவ்வொரு படியிலும் பொருள் நீர்த்துப்போனது. இந்த இழப்பே மறுபடியும் செயற்கைக்கோளின் பக்கம் திரும்ப வைத்தது. வல்லுநர் ஒருவர் ஒரே நேரத்தில் எல்லா மையங்களிலும் தோன்றிவிட்டால், இடையிலுள்ள படிகளுக்குத் தேவையே இராது என்று கருதினர்.

1996இல் கர்நாடகத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இதற்கான சோதனைகள் நடந்தன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஒளிப்பதிவுக் கூடத்திலிருந்து வல்லுநர்கள் பேசினர். மாவட்ட மையங்களில் ஆசிரியர்கள் பார்த்தனர். காட்சி ஒரு வழியில் வந்தது. ஆனால் ஒலி இரு வழியிலும் சென்றது. ஆசிரியர் தொலைபேசியில் கேட்க, வல்லுநர் உடனே பதில் சொன்னார். கேள்வி மேலே போக முதல்முறையாக ஒரு பாதை கிடைத்தது. ஆனால் எல்லா மையங்களும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. இருக்கும் சில நிமிடங்களில் ஒருசிலர் கேள்விக்கே இடம் உண்டு.

2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏவப்பட்டது. கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் இது. இதற்கான தரை முனையங்கள் இரண்டு வகை. ஒன்று பார்க்க மட்டும் உதவுவது. மற்றொன்று பார்ப்பவரும் பேச உதவுவது. இரண்டாவது வகைக்குச் செலவு அதிகம். கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் 885 தொடக்கப் பள்ளிகள் இதனுடன் இணைக்கப்பட்டன. செயற்கைக்கோள் 2010 வரை இயங்கியது. பிறகு இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, இணைப்பு வசதி, பாடப்பொருள் உருவாக்கம், நிர்வாக அமைப்பு ஆகிய மூன்றிலும் திட்டமிடல் குறைபாடு இருந்ததைச் சுட்டிக்காட்டியது. வானில் இருந்த கருவியில் பெரிய கோளாறு இல்லை. அதற்கென்று தரையில் செய்ய வேண்டிய வேலைதான் முடியாமல் நின்றது.

இணையவழிப் பட்டயமும் நீதிமன்றமும்

இணையம் ஆசிரியர் பயிற்சியில் பெரிய அளவில் நுழைந்தது ஒரு சட்ட நெருக்கடியால்தான். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், உரிய பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2015க்குள் தகுதி பெற வேண்டும் என்றது. காலக்கெடு கடந்தும் நாடெங்கும் பல லட்சம் பேர் பயிற்சியின்றிப் பணியில் இருந்தனர். 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 மார்ச் 31 வரை இறுதி வாய்ப்பு அளிக்கப்பட்டது. அதற்குள் முடிக்காவிட்டால் வேலை போகும்.

இத்தனை பேருக்கும் இடம் தர ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களால் இயலாது. எனவே தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 18 மாதத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் அறிமுகமான ‘ஸ்வயம்’ இணையத் தளத்திலும் ‘ஸ்வயம் பிரபா’ தொலைக்காட்சி அலைவரிசையிலும் பாடங்கள் வந்தன. நேரடி வகுப்புகள் விடுமுறை நாள்களில் படிப்பு மையங்களில் நடந்தன. பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து 13 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தனர். பகலில் பள்ளி, இரவில் கைப்பேசியில் காணொளி, இடையில் கையால் எழுதித் தர வேண்டிய ஒப்படைப்புகள் என்று ஒன்றரை ஆண்டு ஓடியது. உலக அளவிலேயே மிகப் பெரிய ஆசிரியர் பயிற்சி முயற்சிகளுள் ஒன்றாக இதைக் கருதலாம்.

படித்து முடித்தவர்களுக்கு வேறொரு தொல்லை காத்திருந்தது. வழக்கமான பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள். இதுவோ 18 மாதங்கள். புதிய பணி நியமனத்துக்கு இது செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. 2020இல் பாட்னா உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. 2023 நவம்பரில், இரண்டாண்டுப் படிப்புக்கு இது இணையாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓராண்டு கழித்து அதே நீதிமன்றம், 2017 ஆகஸ்ட் 10 அன்று பணியில் இருந்து, குறித்த காலத்துக்குள் முடித்தவர்களுக்குப் பட்டயம் செல்லும் என்று தெளிவுபடுத்தியது. அரசே அழைத்துப் படிக்கச் சொன்ன ஒரு படிப்பின் மதிப்பை அறிய, படித்தவர்கள் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது முறையன்று.

ஓர் ஆசிரியரின் குறியீடும் திக்ஷாவும்

மேலிருந்து வந்த திட்டங்களுக்கு நடுவே, கீழிருந்து வந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்னும் சிற்றூரின் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே. அங்குள்ள பிள்ளைகள் பலரின் வீட்டு மொழி கன்னடம். பாடநூலின் மொழி வேறு. அவர் பாடங்களை அவர்கள் மொழிக்குக் கொண்டுவந்து, ஒலிப்பதிவும் காணொளியும் சேர்த்து, கியூஆர் குறியீடாகப் பாடநூலில் ஒட்டினார். மகாராஷ்டிர அரசு இதை மாநிலம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. 2020இல் உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுத் தொகையில் பாதியை இறுதிச் சுற்றில் உடன் நின்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளித்தார்.

தமிழ்நாட்டில் 2018இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வெளிவந்த புதிய பாடநூல்களில் இக்குறியீடு இடம்பெற்றது. ‘விரைவுக் குறியீடு’ என்று பாடநூலிலேயே தமிழ்ப் பெயரும் அச்சிடப்பட்டது. குறியீட்டை வருடினால் திறப்பது பெரும்பாலும் ‘திக்ஷா’ தளம். 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று தொடங்கப்பட்ட இத்தளம், எக்ஸ்டெப் அறக்கட்டளை உருவாக்கிய ‘சன்பேர்ட்’ என்னும் கட்டற்ற மென்பொருளின் மேல் அமைந்தது. முதலில் ஆசிரியர்களுக்கென்றே எண்ணப்பட்டு, பிறகு மாணவர்க்கும் விரிந்தது.

2019 ஆகஸ்டில் ‘நிஷ்டா’ என்ற பயிற்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. தொடக்க நிலையில் பணியாற்றும் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் இதன் இலக்கு. நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய இது, கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதும் 2020 அக்டோபர் முதல் திக்ஷாவுக்கு மாறியது. 18 கட்டகங்கள், ஒவ்வொன்றிலும் காணொளி, வாசிப்புப் பகுதி, இறுதியில் பலவுள் தெரிவு வினாக்கள், தேர்ந்தால் மின்சான்றிதழ். முடித்தவர் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு நாளும் மேலிடத்துக்குத் தெரிந்தது. வினாக்களுக்கான விடைகளும் யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வலம்வரத் தொடங்கின. ஆசிரியர்களைக் குறை சொல்லுமுன், எண்ணிக்கையைக் கேட்கும் பயிற்சிக்கு எண்ணிக்கையே கிடைக்கும் என்பதையும் நினைக்க வேண்டும். 1996இல் தொலைபேசி வழியாகக் கிடைத்த ‘ஐயா, ஒரு சந்தேகம்’ என்று கேட்கும் வாய்ப்பு, இந்தக் கட்டகங்களில் இல்லை.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைந்த உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் ஆசிரியர்களின் கணினிப் பயிற்சிக்கும் பயன்பட்டன. வருகைப் பதிவு முதல் மதிப்பீடு வரை ‘எமிஸ்’ செயலியில் ஏற்ற வேண்டிய வேலை பெருகி, கற்பிக்கும் நேரம் குறைவதாக ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து முறையிட்டன. கருவியைக் கற்றுக்கொள்ளத் தயங்கியவர்களின் முறையீடாக இதைத் தள்ளிவிட முடியாது. ஒரே கைப்பேசி பயிற்சிக்கும் பதிவேட்டுக்கும் பொதுவாகும்போது, பதிவேடே முந்திக்கொள்கிறது.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது, செயலிகள் எல்லாம் கையில் இருந்தும், ஆசிரியர்களுக்கான பயிற்சி பெரும்பாலும் நேரடியாகவே நடந்தது. பாடல், ஆடல், கதை, பொம்மலாட்டம் என்று செய்து பழக வேண்டியவற்றைத் திரையில் பார்த்துப் பழகுவது கடினம். ஆசிரியர் பயிற்றுநர்கள் முன்நின்று நடத்த, அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் தரையில் வட்டமாக அமர்ந்து அட்டைகளை வெட்டினர். கைப்பேசிகள் அங்கேயும் இருந்தன. செய்து முடித்தவற்றைப் படம் எடுத்து அடுத்த பள்ளியின் குழுவுக்கு அனுப்ப.