மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சித்திரவதைக் கூடம்

தோழர்களே, "விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், 1978 உலகக் கோப்பையைப் பற்றி அவர்களிடம் பேசுங்கள்.

போட்டியை நடத்தும் உரிமை அர்ஜென்டினாவுக்கு 1966இலேயே கிடைத்திருந்தது. 1976 மார்ச் 24 அன்று ஜெனரல் விடேலா தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொழிற்சங்கத்தினர், மாணவர்கள், குடிசைப் பகுதிகளில் வேலை செய்த பாதிரியார்கள் எனப் பலரையும் தூக்கிச் சென்றார்கள். கைதுப் பதிவு கிடையாது, வழக்கு கிடையாது, உடலும் கிடையாது. இப்படிக் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் 30,000 பேர் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. ஃபிஃபா போட்டியை இடம் மாற்றவில்லை.

பெயரைக் கழுவிக்கொள்ள ராணுவம் ஓர் அமெரிக்க விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. புவெனஸ் ஐரிஸின் குடிசைகள் மீது புல்டோசரை ஏற்றியது. வெளிநாட்டு விருந்தாளிகள் கண்ணில் ஏழைகள் படக்கூடாதாம்!

இறுதிப் போட்டி நடந்த மொனுமென்டல் மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் 'எஸ்மா' என்ற கடற்படைப் பள்ளி இருந்தது. சுமார் 5,000 பேரை அங்கே அடைத்து வதைத்தார்கள். பிழைத்தவர்கள் சில நூறு பேர்தான். ஜூன் 25 அன்று அர்ஜென்டினா நெதர்லாந்தை 3-1 என்று வென்றது. அன்றிரவு எஸ்மா அதிகாரிகள் கைதிகள் சிலரைக் காரில் ஏற்றிக் கொண்டாட்டத்தைக் காட்ட அழைத்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் கிரசியேலா டலேயோ. கார் கூரையின் திறப்பு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். தெரு முழுக்க ஆட்டம், பாட்டம். 'நான் கடத்தப்பட்டவள்' என்று கத்தினாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை என்று தோன்றி அழுததாகப் பின்னாளில் சொன்னார்.

ஆடிய மக்களை நான் திட்டமாட்டேன். அவர்களுடைய சந்தோஷம் உண்மையானது. விடேலாவுக்குத் தேவைப்பட்டதும் அந்த உண்மையான சந்தோஷம்தான்.

ஆனால் ராணுவம் வரவழைத்த கேமராக்கள் எல்லாம் மைதானத்துக்குள்ளேயே இருந்துவிடவில்லை. ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே உள்ள மாயோ சதுக்கத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் 1977 முதல் கூடிவந்தார்கள். ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளக் குழந்தைகளின் அணையாடைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசுசேனா வில்லாஃப்ளோர் 1977 டிசம்பரில் கடத்தப்பட்டு, எஸ்மாவில் வைக்கப்பட்டு, விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்டார். அவரது எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2005இல்.

அவர் இல்லாமலும் மற்றவர்கள் வியாழன்தோறும் வந்தார்கள். உலகக் கோப்பை நாட்களில் டச்சுத் தொலைக்காட்சிக்காரர்கள் அவர்களைத் தேடிவந்தபோது, தாய்மார்கள் மைக்கைச் சூழ்ந்துகொண்டு கதறினார்கள்: எங்கள் பிள்ளைகள் எங்கே என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், எங்களுக்குக் கடைசி நம்பிக்கை நீங்கள்தான் என்று.